அணையாத எஞ்சின் லைட்

"அந்த லைட்டு அணைஞ்சாத்தான் நிக்காஹ்வாம், பஸால்! ஊரெல்லாம் சொல்லிட்டன். நான் என்ன செய்ய?"

றஸாக் போனில் புலம்பினார். மகள் றிப்னாவுக்குச் சீதனமாக மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அவருடைய பழைய ஜீப்பைத்தான். கராஜில் பழுது பார்த்ததும் அணைகிற எஞ்சின் எச்சரிக்கை லைட், வீட்டில் விடிந்ததும் திரும்ப எரிந்தது.

மெக்கானிக் பஸால் வீட்டுக்கே வந்து பொனட்டைத் திறந்தான்.

"றஸாக் காக்கா, சென்சர் வயர் கழண்டு கழண்டு போகுதெண்டு நேத்து இறுக்கிக் கட்டினன். அந்தக் கட்ட ஆரோ வெட்டிரிக்காங்க."

"நான்தான் வாப்பா," என்றாள் வாசலில் நின்ற றிப்னா. "ஒரு லைட்டுக்காக நிக்காஹ்வ நிப்பாட்டுற ஆளோட எப்படி வாழுற?"

பஸால் வயரை மாட்டக் குனிந்தான்.

"மாட்டாத தம்பி," என்று றஸாக் தடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"லைட்டு அணையல்ல. நீங்க வேற எடம் பாருங்க."