பூ முத்திரை

நகுமோ டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இரண்டாம் வகுப்புப் பெற்றோர்கள் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தார்கள். அதை அவரிடமே சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம்.

குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் அதனாலும் கொஞ்சம் கூடியிருந்தது.

பெற்றோர் சங்கத் தலைவி ஹிரனுமா எழுந்தாள்.

"நானே இந்த டீச்சர்கிட்ட படிச்சவ. இவங்க கையால ஒரு செர்ரிப்பூ முத்திரை வாங்கறது குதிரைக்கொம்பு. 'மிக மிக நன்று'ன்னு நடுவுல எழுதியிருக்குமே, அந்தப் பூ. வருஷம் பூரா உயிரைக் கொடுத்து எழுதி ரெண்டே ரெண்டு வாங்கினேன். எங்கம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினாங்க. இப்ப என்னடான்னா, என் பையன் கணக்குல நூத்துக்கு எட்டு. அதுக்கும் பூ!"

"உங்க பையன் எட்டாவது எடுத்தானே," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "என் பொண்ணுக்கு ஆறு பல் சொத்தைன்னு பல் டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். அதுல பூ! சொத்தைக்கெல்லாமா சபாஷ்?"

"பேன் பரவுது, தலையைப் பாருங்கன்னு வந்த நோட்டீஸ்லயும் பூ!"

"மதியச் சாப்பாட்டு அட்டவணையில, வியாழக்கிழமை கானாங்கெளுத்தி மீன் பக்கத்துல ஒரு பூ!" என்றார் மீன்கடைக்காரர். "அந்த மீன் என்னங்க சாதிச்சது?"

தலைமை ஆசிரியர் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். "என்னோட லீவு லெட்டர்லகூட..." என்று முனகினார்.

எல்லோரும் நகுமோ டீச்சரைப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கொஞ்சமும் அசரவில்லை.

"மை நிறைய மிச்சமிருக்கு. காயவிடுவானேன்?" என்றார்.

"இது ஒரு பதிலா?"

"வேணும்னா உங்க கேள்விக்கும் ஒரு பூ போடறேன்."

நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஹிரனுமாவின் முகம் சிவந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இசோபே மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளும் அவள் மகள் சினாட்சுவும் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதற்கு முன்னால் இரண்டு ஊர், இரண்டு பள்ளிக்கூடம். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்த மறுநாளே, இரண்டு பள்ளியிலும் சினாட்சுவின் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது.

"டீச்சர் சொல்லமாட்டாங்க. நான் சொல்றேன்," என்று ஹிரனுமா குரலைத் தாழ்த்தினாள், கடைசி வரிசைக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்.

"போன மாசம் சினாட்சு, அவ அப்பா எழுதின லெட்டரை வகுப்புக்குக் கொண்டுவந்தா. அப்பாவுக்குக் கப்பல்ல வேலையாம். லெட்டர்ல சின்னதா ஒரு செர்ரிப்பூ. 'எங்கப்பா எழுதற ஒவ்வொரு லெட்டருக்கும் பூ வாங்கறார்'னு ஒரே பெருமை. பெரியவங்களுக்கு யாருடீ பூ போடுவாங்கன்னு என் பையன் கேட்டிருக்கான். டீச்சர் மறுநாள்லேர்ந்து கண்ட காகிதத்துக்கெல்லாம் குத்த ஆரம்பிச்சிட்டாங்க. எதுக்கு? அந்தப் பொண்ணோட பூவும் கூட்டத்தோட கூட்டமாப் போகட்டும்னு!"

"பெரியவங்களும் நல்லா எழுதினா போடவேண்டியதுதானே," என்றார் டீச்சர். ஆனால் இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை.

"அது நல்லா எழுதினதுக்குப் போட்ட பூவா? பெற்றோர் வந்து பார்க்கிற நாள்ல என்கிட்டயே காட்டினா. பார்த்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. அது ஜெயில் பூ! உள்ளே இருக்கறவங்க எழுதறதைப் படிச்சுப் பார்த்துட்டு அதிகாரிங்க குத்தற முத்திரை!"

இசோபே கண்களை மூடிக்கொண்டாள்.

மீன்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கு எல்லாப் பூவும் ஒண்ணாத்தாங்க தெரியுது."

"எப்படி ஒண்ணாகும்?" ஹிரனுமா சீறினாள். "டீச்சரோடது பெரிசு, நல்ல சிவப்பு. அது நகத்தளவுதான் இருக்கும், மங்கலா, தாளோட ஓரத்துல. உறையில ஜெயில் பேரு இருக்காது. வெறும் விலாசம்தான், யாரோ வீட்டு விலாசம் மாதிரி. ஏழு தாளுக்கு மேல எழுதவும் விடமாட்டாங்க. புத்தாண்டு வாழ்த்து அட்டையைக்கூடச் சும்மா விடமாட்டாங்க, அதுலயும் குத்தித்தான் அனுப்..."

நிறுத்திக்கொண்டாள்.

தலைமை ஆசிரியரின் கைக்குட்டை பாதி வழுக்கையில் நின்றது. இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் தலைவியின் மேல் இருந்தன. அவள் உட்காரவும் தெரியாமல், நிற்கவும் முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இசோபே எழுந்து நின்றாள். இப்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஊர் தேடிப் போகவேண்டியது இரண்டு குடும்பமாகிவிடும்.

அவள் முறைப்படி குனிந்து வணங்கினாள். பிறகு, கடையில் முள்ளங்கி விலை கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஹிரனுமா சான், உங்க வீட்டுலயும் யாராவது கப்பல்ல இருக்காங்களா?"

ஹிரனுமா அந்தக் குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"தம்பி," என்றாள். "கரைக்கு வர இன்னும் நாலு வருஷம் ஆகும்."