விழுங்கினால்தான் கணக்கு

கடல் ஏறிவரும் எங்கள் தீவுகளின் நிலைமையை அளக்க வருகிற அதிகாரியின் தொண்டைக்குள் அரசு ஒரு கருவி வைத்திருக்கிறது. அவர் விழுங்குவதெல்லாம் தீவின் கணக்கில் ஏறிவிடும்.

போன வருடம் சிறீகரன் என்ற அதிகாரி வந்தார். வீடு தேடி வந்த மனிதர் என்று, பிள்ளைக்குப் பால்மா கரைக்க மூடி வைத்திருந்த மழைத்தண்ணீரை வார்த்துக் கொடுத்தாள் றெஜினா. 'இங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது' என்று கருவி சொன்னது. அதுவரை எங்களுக்கு வந்துகொண்டிருந்த குடிநீர்ப் படகை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்த வருடமும் அதே சிறீகரன் அவள் வீட்டுக்குத்தான் போனார். நாங்கள் எல்லோரும் வேலியோரம் நின்றோம். றெஜினா கிணற்றில் அள்ளி, செம்பை நீட்டினாள். வாயில் வைத்த வேகத்திலேயே அவர் முற்றத்தில் துப்பினார்.

"என்னக்கா, ஒரே உப்பு?"

"நாங்கள் குடிக்கிற தண்ணி."

"அப்ப போன முறை தந்தது?"

"போன முறை நீங்கள் விருந்தாளி."

அவர் தன் தண்ணீர்ப் போத்தல் இருந்த பைக்குக் கை நீட்டினார். றெஜினா அதைக் காலால் எட்டத் தள்ளிவிட்டுச் செம்பை மறுபடி நிரப்பினாள்.

"துப்பினால் கணக்கில ஏறாது, சேர். விழுங்குங்கோ."