பரிமளாவின் நடிப்பு

“நடிச்சா ஸ்கேன்ல தெரிஞ்சிடுமா சார்?”

திருச்சி டாக்டரைத் தனியாக மடக்கிக் கேட்டான் தர்மன். ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தசையில கோளாறு இருந்தா தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க.”

தர்மனின் மனைவி பரிமளா, எட்டு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்கிறாள். பஸ் படி ஏற முடியவில்லை. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. பெரம்பலூரில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது.

அது போதாதா தர்மனுக்கு? “வேலை செய்ய உடம்பு வணங்கல, அவ்வளவுதான்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவள் தொடையில் கை ஊன்றி எழுந்திருக்கும் அழகை ஸ்டாஃப் ரூமில் செய்து காட்டிக் கைதட்டலும் வாங்கியிருந்தான்.

ஸ்கேன் அறை வாசலில், உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள்.

“செயினைக் கழட்டு.”

“கை மேல போகலைங்க.”

“இங்கயுமா?” என்று முணுமுணுத்தபடி அவனே கழற்றினான்.

மாலையில் இருவரையும் எதிரே உட்கார வைத்து, டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டினார்.

“இது அவங்க தொடை. இங்க வெள்ளை வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதெல்லாம் தசையில இருக்கிற வீக்கம். நல்ல தசை இப்படித் தெரியாது. இந்த இடத்துல துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். மருந்து இருக்கு. ஆனா முன்னாடியே வந்திருக்கணும்.”

தர்மன் ஃபிலிமையே பார்த்தான். பதினாறு வருஷமாக எட்டாம் வகுப்புக்குத் தசைப் பாடம் நடத்துகிறவன். போர்டில் படம் போட்டு, பாகம் குறித்து, பரீட்சையில் கேள்வியும் கேட்பவன். வீட்டில் ஒருத்தி தவித்தது மட்டும் அவன் சிலபஸில் இல்லை. வாத்தியாராம், பெரிய வாத்தியார்.

“எட்டு மாசமா என்ன சார் பண்ணீங்க?” டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

 தர்மன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் பரிமளா முந்திக்கொண்டாள்.

“அவரக் கேக்காதீங்க சார். நான்தான் வெளிய சொல்லாம மறைச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னைத் தூக்கிட்டு வந்திருப்பாரு.”