கொடுமைக்கார அண்ணன்

மேடையில் காதலி காதலனின் கையைப் பிடித்தாள். அடுத்த நொடி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெனேலி எழுந்து வெளியே போய்விட்டான்.

டோங்கா தீவில் இது வழக்கம்தான். தங்கை இருக்கிற இடத்தில் காதல் காட்சி வந்தால் அண்ணன் எழுந்து போய்விட வேண்டும். வீட்டில் டி.வி. ஓடினாலும் அப்படித்தான். ஆனால் அன்று அந்தச் சபை மண்டபத்தில் யாரும் அதை வழக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உறுத்துது போல," என்றாள் ஒருத்தி. சுற்றிலும் சிரிப்பு.

நாடகத்தை எழுதிய ஃபூசி, மேடை ஓரத்தில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டாள். இத்தனை வருஷமாக அவள் ஏங்கியதே அதற்குத்தான்.

கதை அவளுடைய கதைதான். போதகர் வீட்டுப் பெண், துறைமுகக் கூலியின் மகனை விரும்புகிறாள். 'இந்தச் சம்பந்தம் கூடாது' என்று அண்ணன்காரன் குதிக்கிறான், பையனை அடித்து, கடல் தாண்டி ஆக்லாந்துக்கு விரட்டுகிறான். பேரை மட்டும் மாற்றிவிட்டால் ஊருக்குத் தெரியாமலா போகும்? அந்த அண்ணன் ஹெனேலிதான் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் தடுத்தாய் என்று அவள் அவனை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. காதலைப் பற்றி அண்ணனிடம் தங்கையோ தங்கையிடம் அண்ணனோ அந்த ஊரில் வாய் திறக்க முடியாது. 'எனக்குச் சம்மதமில்லை' என்று அன்றைக்கு அவன் தன் மனைவி லவினியாவிடம் சொல்லியனுப்பியதோடு சரி. ஃபூசி பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். மனசுக்குள் அண்ணனைத் திட்டி வசனம் எழுதிக்கொண்டே இருந்தாள்.

நாடகம் முடிந்ததும் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவள் வெளியே வந்தபோது மாமரத்தடியில் ஒரு கனத்த ஆள் நின்றிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஆக்லாந்திலிருந்து வந்திருந்த சமிசோனி. அவளுடைய காதலன்தான்.

"நல்லா எழுதியிருக்க ஃபூசி. ஆனா என்னை ரொம்ப நல்லவனாக்கிட்ட."

"நீ நல்லவன்தானே," என்றாள். குரல் கொஞ்சம் குழைந்தது.

சமிசோனி தரையைப் பார்த்தான்.

"உங்கண்ணன் என்னை அடிக்கல. எங்க வீட்டுக்கு வந்தார். போதகர் மகன், எங்கப்பா முன்னாடி வெறுந்தரையில உக்காந்து, 'என் தங்கச்சிய உங்க மகனுக்குக் கட்டி வைங்க'ன்னு கெஞ்சினார்."

"பொய் சொல்லாதே."

"ஆக்லாந்துல எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க. வேலையும் கிடைக்கும்னாங்க. நானும் சரின்னுட்டேன். உன்கிட்ட வந்து சொல்லத்தான் தைரியமில்ல. அவர்தான், 'நீ பேசாம போய்டு. நான் தடுத்ததா இருந்துட்டுப் போகட்டும்'னார்."

"எதுக்கு?"

"அண்ணன் தடுத்தா அது அண்ணன் பிடிவாதம். ஆம்பளை வேண்டாம்னுட்டுப் போனா, பேச்செல்லாம் பொண்ணு மேலதானே வரும்."

சற்று முன்பு கைதட்டலில் நிமிர்ந்திருந்த தலை, அவளுக்கு அப்படியே குனிந்துபோயிற்று. இவனை நல்லவனாகவும் அண்ணனை அரக்கனாகவும் எழுதியது இந்தக் கைதானே என்று கூசியது. அவனிடம் விடைகூடப் பெறாமல் நடந்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருந்தார்கள். ஃபூசி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

ஹெனேலி கொல்லையில் மண்ணில் தோண்டிய குழியடுப்பிலிருந்து கிழங்குகளை எடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வழக்கம்போல மரியாதையாக எழுந்து, "வா, சாப்பிட்டுப் போ," என்றான். நேற்று ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்த சுவடே முகத்தில் இல்லை.

அவன் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் எதற்காக மன்னிப்பு என்று சொல்ல வேண்டுமே. அந்தப் பேச்சை அண்ணனிடம் எப்படி எடுப்பது? அவன் கிழங்குகளை வாழையிலையில் வைத்து மூடிவிட்டு, அவள் சங்கடப்படக் கூடாதென்று தோட்டத்துப் பக்கமாகப் போய்விட்டான்.

ஃபூசி சமையலறைக்குள் ஓடி லவினியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும், இல்லையா அண்ணி?"

லவினியா தலையாட்டிவிட்டுத் தட்டுகளைத் துடைத்தாள்.

"எனக்கு வெட்கமா இருக்கு அண்ணி. ஊர் முன்னாடி அவரை அசிங்கப்படுத்திட்டேன். நாளைக்கு மறுபடி ஆட்டம் இருக்கே, அதுக்குள்ள கதையை மாத்திடறேன். நடந்தது எதுவோ அதையே மேடையில சொல்லிடறேன். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

லவினியா பதறிப்போய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அதை மட்டும் செஞ்சிடாத. நேத்து மண்டபத்துக்கு வெளிய நின்னு மீதி நாடகத்தையும் கேட்டுட்டு வந்ததிலேருந்து அவருக்கு ஒரே ஒரு குறைதான். அண்ணனா நடிக்கிறவன் ரொம்பச் சாதுவா இருக்கானாம், இன்னும் கொடுமைக்காரனா நடிக்கணுமாம். 'இவன்மேல ஊருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தாலும், அந்தப் பையன் ஏன் போனான்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. நீ போய் என் தங்கச்சிகிட்ட சொல்லு'ன்னு காலையிலேருந்து என் உசுரை வாங்கறார்."