துணியில் சிவப்பு

"ரத்தந்தான் டாக்டர். இருமறச்சே வந்தது," என்றாள் ஸரஸா, தலை நிமிராமல்.

அண்ணன் செலுவநாராயணன் சிவப்புக் கறை படிந்த துணியை டாக்டரிடம் நீட்டினான். தங்கையின் பெட்டிக்கு அடியில் சுருட்டிக் கிடந்த அந்தத் துணியை அவன்தான் கண்டெடுத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவும் இப்படித்தான் ரத்தம் கக்கினாள். மைசூருக்கு வெளியே க்ஷயரோக ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. இவளையும் பறிகொடுத்துவிட்டு அவன் எப்படி இருப்பான்?

டாக்டர் நஞ்சுண்டசாமி அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "மூச்சு சுத்தமா இருக்கேம்மா. நிஜமா ரத்தந்தானா?"

"ஆமாம். என்னை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுங்கோ."

பிடிவாதத்தைப் பாருங்கள்! வியாதியை யாராவது இப்படிக் கேட்டு வாங்கிக்கொள்வார்களா?

டாக்டர் துணியை முகர்ந்தார். உள்ளே குரல் கொடுத்து ஓர் எலுமிச்சம்பழம் வரவழைத்து, அந்தச் சிவப்பின்மேல் பிழிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வெளுத்து மஞ்சளாகிவிட்டது.

"சாமி, இது வெத்தலைபாக்குச் சாறு. பாக்கோட துவர்ப்பு இருக்கே, அது சுண்ணாம்போட சேர்ந்தா சிவக்கும், புளிப்பு பட்டா ஓடிடும். ரத்தம் இப்படி ஓடாது. க்ஷயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போங்க."

போன உயிர் திரும்பி வந்தது செலுவநாராயணனுக்கு. ஜட்கா வண்டியில் ஏறியவன் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறுபடியும் சிரித்தான்.

"அசடு, வெத்தலை போட்டேன்னு சொல்லியிருந்தா உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"அதைச் சொல்றதுக்கு வியாதியே மேல்னு தோணித்து, அண்ணா."

தேவராஜா மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்கினான். திரும்பி வரும்போது கையில் ஒரு கவுளி இளம் வெற்றிலையும், கொட்டைப்பாக்கும், சுண்ணாம்பும் இருந்தன. எல்லாவற்றையும் அவள் மடியில் வைத்தான்.

ஸரஸா பதறிப்போய் முந்தானையால் மூடினாள். "ஐயோ, எடுத்துடு அண்ணா. ஆம்படையான் போனவ மடியில வெத்தலையான்னு ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உன்னைச் சுத்தி ஊர் கூடி அழாம இருந்தாப் போதும் எனக்கு," என்று சொல்லி, ஒரு வெற்றிலையை உருவிக் காம்பைக் கிள்ளி, அவனே சுண்ணாம்பு தடவிக் கொடுத்தான்.