தோளுக்கு மேலே

"கையை இறக்குங்க. இல்லேன்னா வெளியே போங்க" என்றார் ரிட்டயர்டு மேனேஜர்.

பார்லர் அக்கா இறக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கைகள் கூரையைப் பார்க்க நின்றாள். சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் வலது கை மட்டும்தான் மேலே இருந்தது. இடது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டிருந்தது.

மெத்தைக் கடையின் மாடி ஹாலில் தினமும் காலையில் நடக்கும் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி வகுப்பு அது. அந்த அசைவுக்கு 'வானத்தைத் தாங்குதல்' என்று பெயர். மற்றவர்களைத் திருத்தும் வேலையை மேனேஜருக்கு யாரும் கொடுக்கவில்லை. ரிட்டயரான மறுமாதம் அவரே எடுத்துக்கொண்டார்.

"ஒரு கை வானத்துக்கு, ஒரு கை பூமிக்கு. ரெண்டையும் தூக்கினா அது அகங்காரம். பாதியில நிறுத்தத் தெரியறதுதாம்மா தாவோங்கற சீன ஞானம்."

"இதை மாஸ்டர் சொன்னாங்களா சார்?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

அதென்னவோ உண்மைதான். அக்காவைவிடப் பத்து வயது இளையவரான மாஸ்டர் வாய் திறப்பதே அபூர்வம். புதிதாகச் சேர வருகிறவரிடம், "உடம்பு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் போங்க" என்பார், அதோடு சரி.

மீதியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சீடர்களும் ஒன்று விடாமல் பார்த்தார்கள். மாஸ்டர் ஸ்வெட்டர் போடும்போது இடது கையைத்தான் முதலில் நுழைப்பார் என்று எல்லாரும் இடது கையையே முதலில் நுழைத்தார்கள். ஒருநாள் அவர் அசைவுக்கு நடுவே கொசு அடிக்க, அடுத்த ஒரு வாரம் ஹால் முழுக்க இல்லாத கொசுவைப் பயபக்தியோடு அடித்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அந்த பக்தியெல்லாம் கிடையாது. அவள் வந்தது தோளுக்காக. இடது கைக்காரியான அவள் வருஷக்கணக்காகக் கத்தரி பிடித்து முடி வெட்டிய தோள் ஒருநாள் இறுகிக்கொண்டது. கை நெஞ்சுக்கு மேல் வர மறுத்துவிட்டது.

பார்லர் முதலாளியம்மா கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டு, போன் எடுக்கிற மேஜையில் அவளை உட்கார வைத்தாள். "மாசக் கடைசிக்குள்ள கை சரியாகலேன்னா உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றும் சொல்லிவிட்டாள். அக்காவுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து வகுப்பில் பழகியதை வீட்டிலும் செய்தாள். சமையலறைச் சுவரில் விரல்களை எறும்புபோல ஊரவிட்டு, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். வலி தாங்காமல் அழுதாள், அழுதுகொண்டே ஏற்றினாள். இன்று காலைதான் முதல்முறையாகக் கை தலையைத் தாண்டியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கவிடாமல்தான் மேனேஜர் குறுக்கே வந்து நின்றார்.

"வகுப்புன்னா ஒரு ஒழுங்கு வேணும்மா. ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் செய்ய இது என்ன சந்தையா?"

"ஒழுங்கு உங்க கையில இருக்கட்டும் சார். இது என் கை. நான் அழுது ஏத்தின கை. இதை இறக்குன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது."

"அப்ப நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

எந்த மாத்திரைக்கும் தைலத்துக்கும் மசியாத தோள் இந்த மாடியில்தான் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பாதியில் விட்டுப் போனால் மறுபடி இறுகிவிடுமே என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கை இறங்கவில்லை.

"வர வேண்டாம்னு மாஸ்டர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்த மாஸ்டர் திரும்பினார். மேனேஜரைப் பார்க்கவில்லை. அக்காவின் இடது கையை விரல் நுனியிலிருந்து தோள்வரை பார்த்தார், பிறகு தோளிலிருந்து விரல் நுனிவரை பார்த்தார்.

"இன்னிக்கு இது போதும். எல்லாரும் கிளம்புங்க. இவங்க மட்டும் இருக்கட்டும்."

மேனேஜரின் முகத்தில் வெற்றி பளிச்சிட்டது. தொலைந்தாள் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மற்றவர்கள் அக்காவைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்கள்.

மாஸ்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இதற்குள் அக்காவின் கை கடுகடுவென்று வலிக்கத் தொடங்கியிருந்தது. அதற்காகவெல்லாம் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"போகச் சொன்னீங்கன்னா போயிடறேன் மாஸ்டர். ஆனா கையை இறக்கிட்டுப் போக மாட்டேன். இப்படியே தூக்கிக்கிட்டே படியிறங்குவேன். ரோட்டுல நாலு பேர் சிரிச்சாலும் பரவாயில்லை."

மாஸ்டர் படியில் காலடிச் சத்தம் அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து, தன் இடது கையைத் தொட்டுக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கு இந்தக் கை தோளுக்கு மேல ஏறவே ஏறாதுக்கா. நீங்க எப்படி ஏத்தினீங்க?"