முதல் ஆணி

"எம் மகன் குத்துக்கல்லாட்ட இருக்கறான். அவங் கட்டுன தாலியக் கழட்டச் சொல்றீங்களே, நீங்களும் ஒரு பொம்பளைதானுங்களா?"

ஜானகியம்மாள் பட்டறை வாசலில் நின்று கத்தினார். மருமகள் அனுப்பிரியாவின் கையை இன்னும் விடவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து இரும்புப் பட்டறை தொடங்கப் போகிறார்கள். கேட், கிரில், ஜன்னல் கம்பி செய்யும் வேலை. மாலை நேரங்களில் அதற்குப் பயிற்சி நடந்தது. கற்றுக்கொடுக்க யோகப்பிரியா கஞ்சிக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷினில் தனியாக ஒரு பைப்பை அறுத்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் பட்டறையில் இடம். மற்ற எல்லோரும் அறுத்துவிட்டார்கள். அனுப்பிரியா மட்டும் பாக்கி. இன்று கடைசி நாள்.

"சித்தெ உள்ள வாங்கம்மா. வெளிய நின்னு சத்தம் போட்டா ரோட்டுல போறவங்க என்னமோ ஏதோன்னு நெனைப்பாங்க" என்றாள் யோகப்பிரியா.

உள்ளே சுவரில் வரிசையாக ஆணிகள். வளையல், மோதிரம், தாலி எல்லாவற்றையும் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெஷினிடம் போக வேண்டும். முதல் ஆணி யோகப்பிரியாவுடையது. அதில் அவளுடைய தாலிக்கொடி தொங்கியது. ஜானகியம்மாள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, தாலிய ஜாக்கெட்டுக்குள்ள உட்டுப் பின்னு குத்திக்கறேனுங்க. ஒண்ணும் ஆகாதுங்க" என்று கெஞ்சினாள் அனுப்பிரியா.

"சரி, குத்திக்க. பிளக்கப் புடுங்கிட்டேன், மெஷின் ஓடாது. இப்ப உக்காந்து பைப்ப மாட்டு."

மெஷின் தரையில் இருந்தது. அனுப்பிரியா அதன் முன் குந்தி, பைப்பை வைத்து, குனிந்து கிளாம்பை முறுக்கினாள். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. மூன்றாவதற்குப் பலம் கொடுத்து முன்னால் சாய்ந்தபோது பின் விலகி, மஞ்சள் கயிறு வெளியே வழுக்கியது. தாலி போய் இரும்பு அறுக்கும் வீலில் இடித்தது.

யோகப்பிரியா ஜானகியம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களாம்மா? மெல்லிசு சங்கிலின்னாக்கூட அறுந்து போகும். இது முறுக்குன நூலு. அத்தன சுலபமா அறாது. வீலு சுத்தற வேகத்துக்குக் கயித்தோட கழுத்தையும் சேத்து இழுத்துக்கும்."

ஜானகியம்மாளின் குரல் இறங்கியது. "அது புரியுதுங்க. ஆனா கழட்டி வெச்ச நேரம் பாத்து அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? கல்லு லோடு ஏத்தறதுக்குப் போறவனுங்க. நா யாரக் கேக்கறது?"

"நா கல்யாணம் ஆனதுல இருந்து தினமும் கழட்டறேனுங்க. முந்தி ஃபேக்டரில, இப்ப இங்க."

"உங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்காருங்களா?"

கேள்வியில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மற்ற பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

யோகப்பிரியா வீலின் மேல் இருந்த தூசியைத் துணியால் துடைத்தாள். "அவருக்கென்னங்க. லாரி ஓட்டறாரு. காத்தால கெளம்பறப்பக்கூடச் சண்டை. சாம்பார்ல உப்பு தூக்கலாம். தட்டத் தள்ளி வெச்சுட்டுப் போறாரு."

"உங்காளு தட்டத் தள்ளறாரா? எங்காளு தட்டையும் சேத்துத் தின்னுருவாருங்க" என்றாள் பயிற்சிக்கு வந்திருந்த ஷம்னா. பட்டறையே சிரித்தது. ஜானகியம்மாளுக்கும் உதட்டோரம் லேசாக இளகியது.

அவர் மருமகளின் அருகில் வந்தார். "நீ கழட்டாத. நானே எடுக்கறேன்."

தலைவழியாகக் கயிற்றை மெல்ல எடுத்தார். ஷம்னா ஆணியைக் காட்டினாள்.

"ஆணியெல்லாம் வேண்டாங் கண்ணு. எங் கையிலயே இருக்கட்டும்."

அனுப்பிரியா வீலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். விரிசல் இல்லை. கண்ணாடி போட்டாள். பிளக்கை மாட்டி, வீலுக்கு நேராக உட்காராமல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். வீல் முழு வேகம் எடுக்கும்வரை பொறுத்துப் பிறகுதான் கைப்பிடியை இறக்கினாள். பொறிகள் சுவர்ப்பக்கம் பாய்ந்தன. ஜானகியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, தாலியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பைப் அறுபட்டு விழுந்தது.

"முடிஞ்சுதா? கட்டிக்கலாமா?"

"இருங்கத்தை, வீலு நிக்கட்டும்."

வீல் நின்றது. ஜானகியம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றி மருமகளுக்குப் போட்டுவிட்டு, மகனுக்குப் போன் அடித்தார். "ஏங் கண்ணு, எங்கிருக்கற? ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்தார்.

கிளம்பும்போது யோகப்பிரியா எல்லோருக்கும் முன்னால் முதல் ஆணியிலிருந்து தன் கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பட்டறை தொறக்கற அன்னிக்கு உங்க ஊட்டுக்காரரையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வரோணுங்க" என்றார் ஜானகியம்மாள்.

"லோடு இல்லீன்னா கூட்டிட்டு வாரனுங்கம்மா."

கஞ்சிக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெரு திரும்புவதற்கு முன், தானே கடையில் வாங்கிய அந்தக் கவரிங் கொடியை யோகப்பிரியா கழற்றிப் பைக்குள் போட்டாள். நாளைக்குக் கணவன் பிரதீப்பின் இரண்டாம் வருஷத் திதி; "நீ தினமும் கழட்டுனதுதான் எம் மகனக் கொண்டுட்டுப் போச்சு" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் மாமியார், வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்.